மாத்திரைத் தாளில் இல்லாத வரி

அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது குழந்தை பிறந்த இருபத்திரண்டாம் நாள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மச்சான் தேனியில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வருவார், மகளைக் கையில் வாங்கத் தெரியாமல் வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் முடித்து விடுமுறைக்கு வந்திருந்தேன். எழுபதுகளின் பிற்பகுதி அது.

எங்கள் ஊர் மயிலாடும்பாறைக்குத் தெற்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் உள்ளே. இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம். தக்காளி, கத்தரி, ஒரு ஓரத்தில் கொஞ்சம் பருத்தி. வீட்டில் எழுத்துப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் வராது. அக்காவை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அவள் நிறுத்தப்பட்டதால்தான் நான் தொடர்ந்து போக முடிந்தது என்பது எனக்குத் தெரியும். அதை வீட்டில் யாரும் சொல்லிக் காட்டியதில்லை.

அச்சடித்த எது வீட்டுக்குள் வந்தாலும் என்னிடம் வரும். உர மூட்டையில் இருப்பது, பட்டாத் தாள், கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வரும் தபால். இவற்றில் எனக்கு மிகவும் பெயர் வாங்கிக் கொடுத்தது பூச்சி மருந்து டப்பா. அப்போதுதான் எங்கள் பக்கம் மருந்தடிப்பது பரவலாகியிருந்தது. டப்பாவைச் சுற்றி ஒட்டியிருக்கும் தாளில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருப்பான். ஒரு டேங்குக்கு எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் அடித்தால் தெளிக்கக் கூடாது, தெளித்த பிறகு எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது. நான் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்துச் சொல்வேன். பக்கத்துக் காட்டுக்காரர்களும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அடுத்த தெருவில் ஒருவர், மருந்தடித்த மறுநாளே பறித்த கத்தரிக்காயைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் வாந்தியில் கிடந்தார். அதற்கப்புறம் நான் சொல்லும் நாள் கணக்கை எல்லோரும் அப்படியே கேட்டார்கள். எனக்கு அதில் ஒரு பொறுப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்த அன்று காலையில் அம்மா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பால் கட்டிக்கிருச்சு. அதான் சுடுது" என்றாள். வெந்நீரில் துணியை முக்கி ஒத்தடம் கொடுத்தாள். எனக்கு அந்த அறைக்குள் போக முடியாது. தம்பி என்றாலும் ஆம்பிளை. வாசற்படியில் நின்று கேட்பேன், உள்ளேயிருந்து அம்மா பதில் சொல்வாள். எங்கே வலி, எந்தப் பக்கம் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை.

சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. அக்காவுக்குப் பல் கிட்டும் அளவுக்குக் குளிர். மறுநாள் காலை பஸ்ஸில் கடமலைக்குண்டு போய், மருந்துக் கடையில் "காய்ச்சலுக்கும் ஒடம்பு வலிக்கும் மாத்திரை" என்று கேட்டேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாரசிட்டமால் பத்து மாத்திரை அட்டை ஒன்றை, அது இருந்த பெட்டியோடு கொடுத்தார். பெட்டிக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அதைத்தான் பிரித்தேன்.

பாதிக்கு மேல் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். பெரியவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு, ஒரு நாளைக்கு இத்தனை தரத்துக்கு மேல் வேண்டாம், ஈரல் நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரு வரி: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். பால் கொடுக்கும் தாய் சாப்பிடலாமா என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா என்று மூன்று முறை தேடினேன். இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. பெற்றவள் மாம்பழம் சாப்பிட்டால் பிள்ளைக்கு வயிறு போகும், பச்சைத் தண்ணீரில் குளித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும். பிள்ளைக்கு வயிறு உப்பினால் மருந்தை இடித்துத் தாய்க்குத்தான் கொடுப்பார்கள். அவள் வாயில் போடுவது பிள்ளை வாயில் போடுவதுதான். அதையும் இந்தக் கடைசி வரியையும் சேர்த்தால் வேறு என்ன அர்த்தம்? அதற்கு மேல் எனக்குப் பூச்சி மருந்து டப்பா நினைவுக்கு வந்தது. தெளித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக் கூடாது. இந்தத் தாளில் நாள் போடவில்லை. ஆகவே நானே போட்டேன்.

"அம்மா, மாத்திரை குடுக்கலாம். ஆனா மாத்திரை திங்கிற வரைக்கும் பிள்ளைக்குப் பால் குடுக்கக் கூடாது. நிறுத்துன பெறகும் ஒரு நா விடணும்."

"எழுத்துல போட்டிருக்கா?"

"மூணு வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. பால் வழியாப் போகும்ல?"

அம்மாவுக்கு அது உடனே பிடிபட்டது. உள்ளே திரும்பி அக்காவிடம் சொன்னாள்: "மருந்தடிச்ச காட்டுல காயப் பறிக்கக் கூடாதுல்ல. அது மாதிரித்தான் ஏத்தா. நாலு நாளைக்குப் பிள்ளைக்குப் பசும்பாலு சங்குல ஊத்துவோம்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "நாலு நாளா?"

"காய்ச்சல் விட்டா வெரசா நிறுத்திறலாம்ல."

"மாத்திரை திங்கலைன்னா?"

"பல்லு கிட்டிக்கிட்டுக் கெடக்க. திங்கலைன்னாங்கறா. தம்பி பஸ்ஸேறிப் போயி வாங்கிட்டு வந்திருக்கான், பேசாமத் தின்னு."

அம்மா ஒரு மாத்திரையும் சொம்பில் வெந்நீரும் கொண்டுபோய் அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பாலுக்காகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். காலை, மத்தியானம், ராத்திரி என்று நான் வேளை சொல்வேன், அம்மா கொண்டுபோய் வைப்பாள்.

பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, சங்கில் ஊற்றிக் குழந்தையின் கடைவாயில் விட்டார்கள். அது பாதியைக் குடித்தது, பாதியைத் துப்பியது. மறுநாள் அதன் வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது. ஆனால் நாங்கள் பயந்த அளவுக்குப் பசியில் கத்தவில்லை. "நல்ல பிள்ள. பழகிக்கிருச்சு" என்றாள் அம்மா. அப்பாவும் அம்மாவும் தக்காளி பறிக்கக் காட்டுக்குப் போனார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் சத்தமே இல்லை.

காய்ச்சல் மட்டும் குறையவில்லை. மாத்திரை எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுதாகியும் உடம்பு அப்படியே கொதித்தது. மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் அம்மா வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கல்லு மாதிரி ஆயிருச்சுடா. பிள்ள குடிக்கலைன்னா அது ஊறி ஊறிக் கட்டத்தான செய்யும். மல்லியப்பூ வச்சுக் கட்டிருவோம். வத்திரும்."

மல்லிகைப்பூவைச் சரமாகச் சுற்றி மார்பின் மேல் வைத்துத் துணியால் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கம் தெரிந்த வைத்தியம். எனக்கும் கேள்விப்பட்ட அளவில் தெரியும்.

"வத்துனா, பெறகு ஊறுமா?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஊறுனா ஊறுது. இல்லாட்டி டின்னுப் பாலு. தேனியில இருந்து மாப்பிள்ள வாங்கிட்டு வருவாரு. டின்னுல எப்பிடிக் கரைக்கணும்னு போட்டிருக்குமாம், தம்பி படிச்சுச் சொல்லுவான்."

அக்கா கதவருகே வந்து நின்றாள். இரண்டு நாளில் கண் உள்ளே போயிருந்தது. குழந்தை தோளில் கிடந்தது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. காய்ச்சலில் அப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

கடமலைக்குண்டில் அன்று சந்தை. பூ விற்கிற அம்மாள் ஒருவர் ஈரச் சாக்கில் மல்லிகையைக் குவித்து வைத்து, வாயால் பேசிக்கொண்டே கை பாட்டுக்குத் தொடுத்துக்கொண்டிருந்தார்.

"நாலு முழம் குடுங்க."

"சாமிக்கா, தலைக்கா? சாமிக்குன்னா அந்தச் சரம். தலைக்குன்னா நெருக்கக் கட்டுனது தாரேன். கலியாணம் ஆயிருச்சா ஒனக்கு? மூஞ்சியப் பாத்தா ஆகல."

"அக்காவுக்கு. வச்சுக் கட்டறதுக்கு."

அவர் கை நின்றது. முழம் போடுவதற்காக நீட்டிய சரத்தை மடியில் போட்டுக்கொண்டார்.

"பிள்ளைக்கு என்னய்யா ஆச்சு?"

குரல் மாறியிருந்தது. எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. "பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"பெறகு என்னத்துக்கு பூவு?"

நான் விளக்கமாகச் சொன்னேன். காய்ச்சல், மாத்திரை, தாளில் போட்டிருந்த வரி, பால் வழியாகப் போகிற கணக்கு. கல்லூரியில் படிக்கிறேன் என்பதையும் எப்படியோ இடையில் சொல்லிவிட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, பக்கத்தில் வெற்றிலைக் கடை போட்டிருந்தவரிடம், "இங்கன பாருங்க அண்ணே, இந்தக் கூத்த" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, பிள்ளையப் பறிகுடுத்தவளுக்குத்தான் பூ வச்சுக் கட்டுவாக. எம் மகளுக்கு இந்தக் கையால தொடுத்துத்தான் கட்டினேன். உசுரோட பிள்ள மடியில கெடக்கயில எவளாச்சும் கட்டுவாளா? நீ எம்புட்டுக் குடுத்தாலும் நான் தர மாட்டேன். வேற கடையிலயும் கேக்காத. ஆசுபத்திரியில நர்சம்மா இருக்காக, போயி அவுககிட்ட ஒன் தாளக் காட்டு."

எனக்குக் கோபம்தான் வந்தது. எழுத்தறியாத பெண் ஒருத்தி நடுச்சந்தையில் வைத்துப் பேசுகிறாள் என்று இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் போனது சந்தேகம் தீர்த்துக்கொள்ள அல்ல. நர்ஸ் வாயால் நான் சொன்னது சரி என்று கேட்டுக்கொண்டு வந்து பூவை வாங்கிப் போகலாம் என்றுதான் போனேன்.

நர்சம்மா கம்பத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். தடுப்பூசிக்கு வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும் தாளைப் பிரித்து மேசையில் வைத்து, அந்தக் கடைசி வரியின் கீழ் விரலை வைத்தேன். அவர் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"யாருக்குக் காய்ச்சல்?"

"அக்காவுக்கு. பிள்ள பிறந்து இருபத்தஞ்சு நாள் ஆகுது. பால் கட்டிக்கிருச்சுன்னு அம்மா சொல்றாக."

"எந்தப் பக்கம்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டு பக்கமா, ஒரு பக்கமா? செவந்திருக்கா? கட்டி தெரியுதா?"

"தெரியல."

"தெரியல. ஆனா தாள் மட்டும் மனப்பாடம். சரி, பிள்ள குடிக்குதா?"

"இல்ல. மாத்திரை தின்னுட்டுக் குடுக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டோம்."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர் இல்ல. நான்தான், இதுல பாத்து." பூச்சி மருந்துக் கணக்கையும் சொன்னேன். தெளித்தால் இத்தனை நாள் பறிக்கக் கூடாது, அந்த மாதிரி என்றேன். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நர்சம்மா சிரிக்கவில்லை.

"காலேஜுல என்ன படிக்கிற?"

"பொருளாதாரம்."

"அப்பச் சரி. ஒங்க அக்கா என்ன தக்காளிச் செடியாப்பா?"

அதற்கும் சிரித்தார்கள். அவர் கையமர்த்திவிட்டு, ஒரு வகுப்பு எடுப்பது போல இல்லாமல், மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்:

"கேளு. இந்த மாத்திரை பாலுல போகும். போகாதுன்னு நான் சொல்லல. ஆனா போறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். பச்சப்பிள்ளைக்கே காய்ச்சல் வந்தா டாக்டர் இதே மருந்தத்தான் அளந்து குடுக்காரு. அந்த அளவுல ஒரு துளிதான் பாலு வழியாப் போகும். மூணு வயசுக்குக் கீழ கேட்டுக் குடுன்னு ஏன் போட்டிருக்கான்? பிள்ள வாயில நேரா போடயில அளவு தப்பிறக் கூடாதுன்னு. அது பிள்ளைக்குக் குடுக்கறதப் பத்தின பேச்சு. தாயப் பத்தி அதுல ஒரு வார்த்தை இருக்கா?"

"இல்ல."

"இல்லாதத நீயாப் போட்டுக்கிட்ட. இங்கன பிள்ள பெத்துக்கிற எல்லாருக்கும் நான் இதத்தான் குடுக்கேன். தின்னுட்டுப் பால் குடுக்கலாம். ஒண்ணும் ஆகாது. பெட்டிக்கடையில தலைவலிக்குன்னு உதிரியா விக்கிறானே, அது வேற சரக்கு, ஆஸ்பிரின் இருக்கும். அத மட்டும் பால் குடுக்கறவ திங்க வேணாம். வெளங்குதா?"

"வெளங்குது."

"இன்னொண்ணு. பால் கட்டுனா மொதல்ல செய்ய வேண்டியது பிள்ளையப் போடறது. வலிக்கிற பக்கமே போடணும். பிள்ள உறிஞ்சுனாத்தான் கட்டு ஒடையும். நீ அத நிறுத்திட்ட. கல்லாப் போகாம என்ன செய்யும்?"

"ரெண்டு நாளா மாத்திரை தின்னும் காய்ச்சல் கொஞ்சம்கூடக் குறையலையே" என்று கேட்டேன். என் பக்கம் மிச்சமிருந்த ஒரே வாதம் அது.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "கொஞ்சங்கூடவா? கட்டு ஒடையாம நல்லா விடாது, சரி. ஆனா மாத்திரை தின்னா ஒரு நாலு மணி நேரமாச்சும் தணியணுமே. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வா. டாக்டர் இருப்பாரு. ஊசி போட வேண்டியிருக்கும். பிள்ளையும் வரணும்."

பூ வாங்காமல் பஸ் ஏறினேன். சந்தை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் அம்மா என் பையைப் பார்த்தாள். "பூ எங்கடா?"

"வாங்கல. பால் குடுக்கலாமாம். மாத்திரை தின்னாலும் குடுக்கலாமாம். குடுக்கணுமாம். நர்சம்மா சொன்னாக."

"அப்ப எழுத்துல போட்டிருந்தது பொய்யா?"

"எழுத்து சரிதான். நான்தான் அதுல இல்லாததச் சேத்துச் சொல்லிட்டேன்."

அம்மாவுக்கு என் மேல் கோபம் இல்லை. பூச்சி மருந்து டப்பாவில் நான் படித்துச் சொன்னதில் எதையெல்லாம் நம்பினோம் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு, "போயி அவகிட்டச் சொல்லு" என்றாள். அந்த மூன்று நாளில் என்னை உள்ளே போகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை கழுத்து வரை இருந்தது. குழந்தை பக்கத்தில் தூங்கியது. நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டாள்.

"மாத்திரையத் தின்னுட்டுப் பால் குடுக்கலாம்னு, நர்சம்மா அவுக வாயால சொன்னாகளா?"

"ரெண்டு தரம் சொன்னாக."

அவள் தலையணைக்கு அடியில் கையை விட்டு, குழந்தையின் பழைய துணி ஒன்றை எடுத்தாள். அதன் முனையில் முடிச்சுப் போட்டிருந்தது. அவிழ்த்துத் தரையில் வைத்தாள். மாத்திரைகள். ஆறு இருந்தன. நான் வேளை சொல்லி, அம்மா கொண்டுபோய் வைத்த ஆறும்.

குழந்தை ஏன் கத்தவில்லை, காய்ச்சல் ஏன் தணியவில்லை என்பதெல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"அம்மா காட்டுக்குப் போகயில குடுத்தேன்" என்றாள். "இந்தப் பக்கம் மட்டும். அந்தப் பக்கம் வாய வச்சா உசுரு போற மாதிரி இருந்துச்சு. அதான் அது கட்டிக்கிருச்சு."

"காய்ச்சல்?"

"இருந்துச்சு."

"ஏன்க்கா சொல்லல?"

"என்னன்னு சொல்ல? நீ படிச்சுப் பாத்துட்டு வந்து சொல்ற. இல்லைங்கறதுக்கு எனக்கு என்ன தெரியும்? மாத்திரையா பாலான்னு நின்னீக. நான் பால எடுத்துக்கிட்டேன். அம்புட்டுத்தான்." கொஞ்சம் நிறுத்தி, "பூவுக்கு மட்டும் என்ன செய்யறதுன்னு தெரியாம இருந்துச்சு. ராத்திரிக்கு அவுத்துப் போட்டுறலாம்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு மன்னிப்புக் கேட்கவும் இடம் இருக்கவில்லை. நான் நம்பிப் படித்தேன், அவள் நான் படித்ததை நம்பினாள். நம்பியபடியே இரண்டு நாள் பற்கள் கிட்டக் கிடந்தாள். தாளை நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று அவள் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டிருந்தால் மாத்திரையையும் விழுங்கியிருப்பாள், பாலையும் கொடுத்திருப்பாள். பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு அந்தச் சந்தேகம் அவளுக்கு எங்கிருந்து வரும் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு மாத்திரையை எடுத்து என் கண் முன்னால் விழுங்கினாள்.

"மருந்தடிச்ச செடி மாதிரியாம்ல நான். அம்மா சொல்லுச்சு" என்றாள்.

"நர்சம்மாவும் அதத்தான் கேட்டாக. ஒங்க அக்கா தக்காளிச் செடியான்னு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அசைந்ததில் வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. "ஏலே, வெளிய போ. பிள்ள முழிக்கப் போகுது."

ஒரு மணி நேரம் கழித்து அம்மா வெளியே வந்து, "வேத்திருக்கு" என்றாள். நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு அக்கா கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். காய்ச்சல் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது, ஆனால் முந்தைய நாள் போல் இல்லை. டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு ஊசி போட்டார், கேப்சூல் எழுதிக் கொடுத்தார். சீழ் பிடிக்கவில்லை, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பிடித்திருக்கும் என்றாராம். இந்த ஊசிக்கும் கேப்சூலுக்கும் பாலை நிறுத்த வேண்டாம் என்றும் அவரே சொன்னாராம். அம்மா வெளியே வந்து என்னிடம் அதை இரண்டு தரம் சொன்னாள். நான் ஒன்றும் கேட்காமலே.

நர்சம்மா அக்காவையும் குழந்தையையும் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வலிக்கிற பக்கம் குழந்தையைப் போடப் போகிறார்கள் என்று அம்மா சொன்னாள். கதவு ஒருக்களித்திருந்தது. நான் வராந்தாவில் முதுகைத் திருப்பி நின்றேன்.

குழந்தைக்கு அந்தப் பக்கம் மறந்துபோயிருந்தது போல. முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. இரண்டு நாள் வீட்டில் அது கத்தாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது கத்தியது.

"கல்லா இருக்குல்ல, வாயி பத்தாது. கொஞ்சம் கையால பீய்ச்சி விடு, மெதுவாகட்டும்" என்றது நர்சம்மாவின் குரல். "இப்பப் போடு. அப்பிடி இல்ல. காலு ஒன் கக்கத்துப் பக்கம் போகட்டும். தாடை கட்டிக்கு நேரா வரணும்."

"மாட்டேங்குது நர்சம்மா."

"மாட்டேன்னுதான் சொல்லும். நீ ரெண்டு நாளா அந்தப் பக்கமே குடுத்துப் பழக்கிட்ட. இன்னொரு தரம்."

மறுபடி வீறல். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுப்பது வராந்தா வரை கேட்டது. வரிசையில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவையே பார்த்தார்கள். ஒரு தரம், இன்னொரு தரம். எத்தனை தரம் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அழுகை பாதியில் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னதாக, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"விட்டுறாத. வலிச்சாலும் விட்டுறாத" என்றார் நர்சம்மா. கொஞ்ச நேரம் கழித்து, வெளியே இருந்த எங்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "குடிக்கிறா."